கடைசிப் பக்கத்து ஷரத்து

தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்த திருநெல்வேலித் தலைமுறையிடம் வேலைக்கான காகிதம் என்று எதுவும் இருந்ததில்லை. சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம் கைக்கு வரும். வருகைப் பதிவேடு சேட்டின் டிராயருக்குள் இருக்கும். வேலையை விட்டு நிறுத்திய பிறகு, இந்த ஆள் என் பட்டறையில் வேலையே பார்த்ததில்லை என்று லேபர் கோர்ட்டில் சேட் சொல்லிவிட முடியும். நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் பாதி வழக்குகள் அதை முறியடிப்பதிலேயே கழிந்தன. கூட வேலை பார்த்தவரின் சாட்சி, இ.எஸ்.ஐ. அட்டை, தீபாவளி போனஸ் வந்த உறை, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு பாந்த்ரா கிழக்கில் சேத்னா கல்லூரிப் பக்கம் உள்ள நீதிமன்றக் கட்டடத்துக்கு ஓடுவோம்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வந்திருப்பது நேர் எதிரான சிக்கல். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா வளாகமான பி.கே.சி.யிலும், பவாயிலும், ஐரோலியிலும் வேலை. இருபது முப்பது பக்கத்துக்கு நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வருகிறது. சம்பளம் எவ்வளவு, சேர வேண்டிய தேதி எது என்று பார்த்துவிட்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்குக் காத்திருப்பவர் எந்த நிறுவனத்திடம் போய், இந்த ஷரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க முடியும்?

நான் அந்தக் கடிதங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன். எனக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேலை தொடர்பாக எழும் எந்தத் தகராறும் நிறுவனம் நியமிக்கும் தனி நடுவரிடம் விடப்படும், அவர் சொல்வதே முடிவு, விசாரணையில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது, வேறு எங்கும் போக மாட்டேன் என்று பணியாளர் சம்மதிக்கிறார். வார்த்தைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாரம் இதுதான்.

இந்த ஷரத்து செய்கிற பெரிய கெடுதல் நடுவர் முன்னால் நடப்பதில்லை. அதற்கு முன்பே, பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குள் நடந்துவிடுகிறது. தொண்ணூறு அடி ரோட்டில் உள்ள என் அலுவலகத்துக்குச் செம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கர்ப்பம் என்று சொன்ன மாதத்திலிருந்து அவளுடைய வேலையை ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். விடுப்பில் இருந்தபோது பணிநீக்கக் கடிதம் வந்தது. கைக்குழந்தையோடு என் எதிரில் உட்கார்ந்து அவள் முதலில் சொன்னது இது: “அக்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆர்பிட்ரேஷன் தவிர எங்கேயும் போக முடியாதுன்னு ஹெச்.ஆர்.ல சொல்லிட்டாங்க. கோர்ட்டுக்குப் போனா என் மேலதான் கேஸ் வருமாம்.” இப்படி நம்பியே பல வாரங்களை வீட்டில் கழித்திருந்தாள். அம்மாவின் வற்புறுத்தலால்தான் வந்தாள்.

அவளிடம் நான் படித்துக் காட்டியது 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை. அந்த விடுப்புக் காலத்தில் வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்றது 12-ஆவது பிரிவு. அதைவிட முக்கியமானது 27-ஆவது பிரிவு. இந்தச் சட்டத்துக்கு முரணாக எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டமே மேலோங்கும் என்று அது நேரடியாகவே சொன்னது. கடைசிப் பக்கத்து ஷரத்து அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்கவில்லை. சட்டப்படி நியமிக்கப்பட்ட ஆய்வாளரிடம் புகார் கொடுத்தோம், நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பினோம். பழைய பாக்கியோடு அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சட்டத்தைப் பிரித்துப் படித்துக் காட்ட ஆள் இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது என்னைத் தூங்கவிடாத கேள்வி.

இந்தியாவில் தனியார் நிறுவனங்களின் பாகுபாட்டுக்கு எதிராக எல்லோருக்கும் பொதுவான சட்டம் ஒன்று கிடையாது. அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். மற்றவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன. சம்பளத்தில் ஆண் பெண் பேதத்துக்கு 2025 வரை 1976-ஆம் ஆண்டின் சட்டம், பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு 2013-இல் ஒன்று, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-இல் ஒன்று, திருநர்களுக்கு 2019-இல் ஒன்று. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது குற்ற வழக்கு, எந்த நடுவரும் அதைத் தொட முடியாது. மகாராஷ்டிரத்தில் எங்களுக்குக் கூடுதலாக 1971-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று கைகொடுத்தது. தகுதியைப் பார்க்காமல் ஒரு சாராருக்கு மட்டும் சலுகை காட்டுவது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று அதன் நான்காம் அட்டவணையில் ஐந்தாவது உருப்படி சொல்கிறது. பாகுபாடு என்ற பேச்சே இல்லாத அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மதம், மொழி, சாதி என்று எத்தனையோ மனக்காயங்களை இண்டஸ்ட்ரியல் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறோம். ஒரு நிபந்தனை உண்டு: சம்பவம் நடந்து 90 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். நடுவரை நியமிக்கிறோம், பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நிறுவனம் கடிதப் போக்குவரத்தை நீட்டுவதில் அந்த 90 நாளும் கரைந்துபோவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஷரத்தைக் காட்டி வழக்கைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே பதில் கிடைத்தது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்த காலம். விமானிகளும் ஊழியர்களும் மும்பை லேபர் கோர்ட்டில் சம்பள பாக்கி கேட்டு மனுப் போட்டார்கள். பணி ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருக்கிறது, 1996-ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டம் 8-ஆவது பிரிவின்படி இவர்களை அங்கே அனுப்புங்கள் என்று நிறுவனம் கேட்டது. லேபர் கோர்ட் மறுத்தது. நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொழில் தகராறுச் சட்டம் தருகிற உரிமைகளை அந்தச் சட்டம் அமைத்த மன்றங்கள்தான் தீர்க்க வேண்டும், தனியார் ஒப்பந்தத்தால் அவற்றை நடுவர் அறைக்கு மாற்ற முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. கிங்ஃபிஷர் எதிர் கேப்டன் பிரித்வி மல்ஹோத்ரா என்ற அந்தத் தீர்ப்பின் நகல் என் பையில் எப்போதும் இருக்கும்.

பணியாளரின் சம்மதம் என்பதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மாட்டுங்கா நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளின் ஸ்டெனோகிராபர்களும் குமாஸ்தாக்களும் குடியிருந்த இடம் அது. 1966-இல் சிவசேனை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே ‘மார்மிக்’ வார இதழ், எந்த அலுவலகத்தில் எத்தனை தென்னிந்தியர்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டுவந்தது. அதன் பிறகு எத்தனையோ இடங்களில் தமிழ்ப் பெயரோடு வந்த விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை என்று கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை எங்கே போய் முறையிடுவது என்று அவர்களுக்குத் தெரியாது, முறையிட இடமும் இல்லை. வேறு வழியில்லாதவரின் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

அதே ஸ்டெனோ உலகத்தில் நடந்த இன்னொரு வழக்கை என்னிடம் பயிற்சிக்கு வரும் ஜூனியர்களிடம் முதலில் படிக்கச் சொல்வேன். மக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர் ஆட்ரி டி'கோஸ்டா. 1977 ஜூனில் அவருடைய வேலை முடிந்தது. அதன் பிறகு 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டார். ஆண் ஸ்டெனோக்களுக்கு ஒரு சம்பளம், அதே வேலையைச் செய்த பெண்களுக்குக் குறைந்த சம்பளம் என்பது அவருடைய புகார். கம்பெனியின் முக்கியமான பதில், இந்தச் சம்பளம் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் என்பது. கூட்டிக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை என்றும் சொன்னார்கள். 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம் என்பதும், பணம் இல்லை என்பதும் பாகுபாட்டைச் சட்டபூர்வமாக்காது என்றது. அவருக்குக் கிடைக்க வேண்டியிருந்த தொகை 7,196 ரூபாய் 67 காசு. அந்தத் தொகைக்காக ஒரு பெண் பத்து வருடம் விடாமல் நின்றதால்தான் இன்று நாங்கள் காட்டுவதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது.

இதே வழக்கு பூட்டிய அறையில், பெயர் வெளியே தெரியாத நடுவர் முன்னால் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டி'கோஸ்டாவுக்கு அந்தப் பணம் கிடைத்திருக்கக்கூடும், ஒருவேளை சீக்கிரமே கிடைத்திருக்கும். பக்கத்து மேசையில் இருந்த பெண்ணுக்கு அது தெரிந்திருக்காது. நடுவர் விசாரணையின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று 2019-இல் அந்த 1996 சட்டத்திலேயே 42-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வியாபாரிகளின் கணக்குத் தகராறுக்கு அது நல்ல ஏற்பாடுதான். பாகுபாட்டுக்கு ரகசியம் உதவாது. ஒரு மேலாளர் ஒரே ஆளிடம் மட்டும் பேதம் காட்டி நான் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே முன்பு இருந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டால் அதே கதை வரும். அந்தப் பழைய கதைகள்தான் எங்களுக்குச் சாட்சியம். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டிவிட்டால் நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

நடுவர் யார் என்பது அடுத்த பிரச்சினை. முன்பெல்லாம் நிறுவனத்தின் இயக்குநரே நடுவரை நியமிப்பார், சில கடிதங்களில் இயக்குநரே நடுவராகவும் இருப்பார். அதே சட்டத்தின் 2015 திருத்தமும், பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் 2019 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதை நிறுத்தின. தகராறின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை ஒருதலையாக நியமிக்க முடியாது. ஆனாலும் பழைய வாசகத்தோடு கடிதங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வேலையிழந்த பையனுக்கு பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தெரிந்திருக்கப்போவதில்லை. நடுவர் கட்டணத்தில் பாதி உன்னுடையது என்று சொன்னாலே அவன் பின்வாங்கிவிடுவான். லேபர் கோர்ட்டில் அவனிடம் யாரும் நீதிபதிக்குச் சம்பளம் கேட்பதில்லை. நடுவர் சட்டத்தைத் தவறாகப் படித்துத் தீர்ப்புச் சொன்னாலும் மேல்முறையீடு கிடையாது. 1996 சட்டத்தின் 34-ஆவது பிரிவு தரும் குறுகிய காரணங்கள்தான் மிச்சம், அதுவும் மூன்று மாதத்துக்குள்.

என்னிடம் வந்த இன்னொரு வழக்கு, தாராவியில் பிறந்து பொறியியல் முடித்து ஒரு நிதி நிறுவனத்தில் சேர்ந்தவனுடையது. ஊர், குலதெய்வம், அப்பாவின் தொழில் என்று மேலாளர் சாடையாகக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் சாதியைத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வருடம் மிக நன்று என்றிருந்த மதிப்பீடு மூன்றாம் வருடம் மோசம் என்று மாறியது. பிறகு நீக்கம். ஷரத்தைக் காட்டினார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: இவர் உதவி மேலாளர், தொழிலாளியே இல்லை, எனவே லேபர் கோர்ட்டுக்கு வர முடியாது.

எங்கள் தொழிலின் நுட்பம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. கிங்ஃபிஷர் தீர்ப்பு காப்பாற்றுவது சட்டம் சொல்லும் தொழிலாளியை. நிர்வாகப் பணியில் இருப்பவரும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அதற்கு வெளியே. அதனால்தான் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் மேனேஜர் என்று பட்டம் கொடுக்கிறார்கள். நான் பட்டத்தைக் கேட்பதில்லை. யாருடைய லீவுக்கு நீ கையெழுத்துப் போடுவாய்? உன் ஒப்புதலில் எத்தனை ரூபாய் செலவு செய்யலாம்? யாருக்காவது மெமோ கொடுத்திருக்கிறாயா? காலையில் வந்ததிலிருந்து கணினியில் என்ன செய்வாய், மணி மணியாகச் சொல்லு. அவன் மூன்று கேள்விக்கும் இல்லை என்றான், நாள் முழுக்கக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்து எண்களை ஏற்றுகிறேன் என்றான். முதன்மையான வேலை எது என்பதுதான் அளவுகோல் என்று 1985-இல் அர்க்கல் கோவிந்தராஜ் ராவ் எதிர் சீபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் பம்பாய் அலுவலக ஊழியர் ஒருவரின் வழக்குதான். எங்கள் மனு நின்றது. நடுவரிடம் அனுப்பச் சொன்ன நிறுவனத்தின் விண்ணப்பம் தள்ளுபடியானது. மூல வழக்கு முடிய வருடங்கள் ஆயின, அதற்குள் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அந்த வருடங்களைத்தான் நடுவர் முறைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். லேபர் கோர்ட்டின் தாமதம் உண்மை. அதற்கு மருந்து காலி நீதிபதி இடங்களை நிரப்புவது.

உண்மையிலேயே மேலாளராக இருப்பவரின் நிலை கடினம். நோட்டீஸ் சம்பளம், போனஸ் போன்ற ஒப்பந்த உரிமைகளுக்கு அவர் நடுவரிடம்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் மகப்பேறு, பாலியல் தொந்தரவு, சாதி வன்கொடுமை ஆகிய சட்டங்களில் பதவி பேதம் இல்லை. பாலியல் தொந்தரவுப் புகாரை உள்விசாரணைக் குழுதான் விசாரிக்க வேண்டும், பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்டக் குழு. சமரசம்கூடப் பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டுமே, அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. வயதுப் பாகுபாட்டுப் புகாரையும் நடுவரிடம் அனுப்பலாம் என்று 1991-இல் கில்மர் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-இல் சர்க்கிட் சிட்டி வழக்கு அதைச் சாதாரண வேலை ஒப்பந்தங்களுக்கும் விரித்தது. 2018 நவம்பர் 1-இல் கூகுள் ஊழியர்கள் உலகம் முழுக்க வேலையை விட்டு வெளியே வந்து நின்றபோது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று இந்தக் கட்டாய நடுவர் முறையை நிறுத்துவது. 2022 மார்ச்சில் பாலியல் தொந்தரவுக்கும் வன்முறைக்கும் மட்டும் விலக்கு அளித்துச் சட்டம் வந்தது. நிறம், வயது, சம்பள பேதம் இன்னும் அந்த அறைக்குள்தான்.

அங்கே நடந்த ஒரு வழக்கு எங்கள் தாராவிப் பையனின் வழக்கை அப்படியே நினைவூட்டும். சிஸ்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த தலித் பொறியாளர் ஒருவர், பவாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். இவர் இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது புகார். நிறுவனம் மறுத்தது. 2020-இல் வழக்குப் போட்டது அந்தப் பொறியாளர் அல்ல, கலிபோர்னியா மாநிலத்தின் குடிமை உரிமைத் துறை. ஊழியர் நடுவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அங்கே அனுப்புங்கள் என்று நிறுவனம் கேட்டது. அரசுத் துறை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை, எனவே அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்ட்டில் சொல்லிவிட்டது. மேலதிகாரிகளாக இருந்த பொறியாளர்கள் இருவர் மீதான பகுதியை 2023-இல் துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு திறந்த நீதிமன்றத்தில் தொடர்ந்தது. சாதி பிறந்த நாட்டில் தனியார் நிறுவனத்தின் மீது ஊழியருக்காகத் தானே வழக்காடும் அப்படி ஒரு துறை நம்மிடம் இல்லை. ஒவ்வொரு பையனும் தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும்.

நடுவர் முறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1918-இல் அகமதாபாத் நெசவாலை வேலைநிறுத்தம் முடிந்தது நடுவர் ஒருவரால்தான். ஆனந்தசங்கர் துருவா தொழிலாளிகள் கேட்ட 35 சதவீத உயர்வைத் தீர்ப்பாகக் கொடுத்தார். அங்கே தகராறு வந்த பிறகு, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட மனிதரிடம் போனார்கள். தொழில் தகராறுச் சட்டத்தின் 10-ஏ பிரிவும் அதைத்தான் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும், தகராறு எழுந்த பிறகோ எழும் நிலையிலோ இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால்தான் நடுவர். சேரும் நாளில், தகராறு என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையிடம் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நியமனக் கடிதத்தின் நகலை அலுவலக மின்னஞ்சலில் விட்டுவைக்க வேண்டாம், நீக்கிய அன்றே அந்தக் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். சொந்த மின்னஞ்சலில் ஒன்று, வீட்டில் அச்சிட்ட நகல் ஒன்று இருக்கட்டும். ஏதாவது நடந்தால் அந்த வாரமே யாராவது ஒரு தொழிலாளர் வக்கீலிடமோ சங்கத்திடமோ காட்டுங்கள். பாலியல் தொந்தரவுப் புகாருக்குச் சட்டம் தரும் நேரம் மூன்று மாதம். பணிநீக்கத்துக்குப் புதிய தொகுப்பில் இரண்டு வருடம், பழைய சட்டத்தில் அது மூன்றாக இருந்தது.